மூணில் எதை விடப்போற?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வேதக்கோயிலில் சபையார் ஒரே பாட்டை எத்தனை தடவை பாடினார்கள் என்று ஊரில் இன்றைக்கும் தர்க்கம் உண்டு. ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையிலா இருந்தேன்?

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். ராஜா ஆட்சி போய், இந்தப் பக்கம் இன்னும் தமிழ்நாட்டோடு சேராமல் கிடந்த காலம் அது. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் மலையாளத்தில் எழுதியிருக்கும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பேன். சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லித்தந்த வித்தை. இது ரெண்டும் போக, வீட்டுக்குப் பின்னால் தேனீ வளர்த்தேன். மார்த்தாண்டத்தில் அப்போது தேனீ வளர்க்கப் பழக்கினார்கள். அவ்வளவு ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்தி போய் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். யாரைத் தேடி வந்தாய் என்றுதான் பழக்கிக் கொடுத்தவர் முதலில் கேட்டார்.

மூன்றிலும் எதன்மேல் ஆசை கூடுதல் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். பெயரை எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பிள்ளை திடீரென்று ஒரு நாள் தன் பெயரைத் தானே வாசித்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்குமே, அதை விடவா? ஆர்கனில் கீழ்க்கட்டையை அமுக்கினால் உட்கார்ந்திருக்கிற பெஞ்சு அதிர்ந்து அந்த அதிர்வு வயிற்றுக்குள் ஏறுமே, அதை விடவா? பெட்டியின் மூடியைத் திறந்ததும் வருகிற மெழுகு வாசத்தை விடவா? சோறு வேணுமா தண்ணி வேணுமா என்றா ஒரு மனுஷியிடம் கேட்பது?

ஆனால் எல்லாரும் கேட்டார்கள். இவளுக்கு மனசு தேனீப் பெட்டியில் என்றார் ஹெட்மாஸ்டர். போதகருக்கு என் மனசு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சந்தேகம். தேனீ பழக்கினவரோ, ஆர்கன் வாசிக்கிற கை இதுக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டார். இருந்த மனசு மூன்று இடத்திலும்தான் இருந்தது. அதை யாருக்குச் சொல்லிப் புரியவைக்க?

எனக்கு அப்பா இல்லை. அம்மைதான் எல்லாம். பக்கத்து ஊரிலிருந்து கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மைக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. பையனுக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஜோலி. வீட்டில் தாயாரும் அவரும் மட்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதற்கு முன்னால், கோயிலில் வைத்து ஒரு பார்வை பார்ப்பார்கள். பிடித்தால் மேலே பேச்சு, பிடிக்காவிட்டால் ஆராதனைக்கு வந்ததாகப் போய்விடலாம், யாருக்கும் குறைச்சல் இல்லை. விளைந்ததைக் கோயிலுக்குக் காணிக்கை கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகைக்கு வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அம்மை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஏட்டி, வாத்திச்சி ஜோலி இருக்குன்னு சொல்லியாச்சு. அவியளுக்கு ரொம்ப இஷ்டம். ஆர்கன் வாசிப்பேன்னும் சொல்லியாச்சு. அதுவும் கொள்ளாம்னு சொல்லிட்டாவ. இந்தத் தேனீ எழவப் பத்தி மட்டும் மூச்சு விடப்படாது, கேட்டியா?"

"ஏன், ரெண்டு இருந்தா பெருமை, மூணாவது வந்தா கேவலமா?"

"ஆமா. ரெண்டுன்னா கெட்டிக்காரி. மூணுன்னா கிறுக்கி. மொகத்துல துணியக் கட்டிட்டு, கையில புகைய வச்சிட்டு நிக்க பெண்ண எவன் கெட்டுவான்?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அம்மையின் கண் கலங்கியிருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் பாட்டு பழகக் கோயிலுக்குப் போனேன். அங்கே வளாகத்தில் முந்திரி காய்க்கிற கொல்லாமரத்துக் கிளையில் ஒரு தேனீக் கூட்டம் தொங்குகிறது! ராணியைச் சுற்றி ஒரே கொத்தாக, பலாப்பிஞ்சு அளவுக்கு. பழைய கூட்டை விட்டுப் பிரிந்து வந்த கூட்டம். பிடிக்கிறவருக்குத்தான் சொந்தம். தேனீ வளர்க்கிற யாரிடமும் கேட்டுப்பாருங்கள், இதைக் கண்டும் காணாததுபோலப் போகிற ஆள் இந்த ஜென்மத்தில் கிடையாது. கையில் பெட்டி இல்லை. மறுநாள் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, மண்பானைகளை இறக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக் கிளைக்குக் கீழே பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். கூட்டம் மொத்தமும் பொத்தென்று பானைக்குள். வாயைக் கட்டத் துணி? ஆர்கனுக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணிதான் கைக்குக் கிடைத்தது. இறுக்கிக் கட்டினேன். பொழுது சாய்ந்த பிறகுதான் தேனீயை இடம் மாற்றணும். அதுவரை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஆர்கனுக்குப் பின்னால், சுவரோரமாகப் பானையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அம்மை எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார். தலை முழுக எண்ணெய். பிறகு மஞ்சள், பயற்றம்பொடி, என்னென்னவோ. பொழுது சாயும் நேரத்தில், கோயிலில் ஒரு சாமானை மறந்துவிட்டேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நாளைக்கு ஒன்னப் பாக்க ஆளு வாறாவ. இப்ப படியத் தாண்டினா கால ஒடிச்சுப் போடுவேன்," என்றார். சரி, கட்டித்தானே இருக்கிறது, ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும், நாளைக்கு ஆராதனை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நான் கணக்கில் சேர்க்காத ஒருவர் உண்டு. கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை. தூசு துரும்பு பொறுக்காத மனிதர். பண்டிகை நாளாயிற்றே என்று விடியற்காலையிலேயே வந்து பெருக்கியிருக்கிறார். ஆர்கன் துணி ஒரு சட்டிப் பானையின் வாயில் கட்டிக் கிடப்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு தாங்கவில்லை. அவிழ்த்து, உதறி, மடிப்பு எடுத்து, ஆர்கன்மேல் போர்த்திவிட்டு, பானைக்குள் என்ன என்று ஒரு பார்வைகூடப் பார்க்காமல் மணியடிக்கப் போய்விட்டார். ஆர்கனின் பின்பலகையில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. உள்ளே இருட்டு, கதகதப்பு, நல்ல தேக்கு மரப்பெட்டி. தேனீக்கு இதைவிடப் பங்களா எது? மொத்தமும் குடியேறிவிட்டது.

முதல் பாட்டை வாசிக்கும்போதே சுதியோடு கூட இன்னொரு சுதி கேட்டது. மழைக்காலமாயிற்றே, மரம் ஊறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு பிரசங்கம். போதகர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடமெல்லாம் ஒரு ரீங்காரம். முன்பெஞ்சில் ஒரு வயசாளி உண்டு, பிரசங்கம் தொடங்கினதும் குறட்டை தொடங்குகிறவர். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர் இடுப்பில் ஒரு இடி இடித்தார். பாவம், அன்றைக்கென்று மனிதர் முழித்துக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பெண்கள் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். முன்வரிசையில் அம்மைக்குப் பக்கத்தில், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், குச்சி நட்டதுபோல நிமிர்ந்து ஒரு அம்மாள். பையனின் தாயார். கண் என்மேலேயே இருந்தது. சரி, அடக்கமாக இருப்போம் என்று கட்டையைப் பார்த்துக் குனிந்தேன். ரெண்டு வெள்ளைக் கட்டைக்கு நடுவிலிருந்து ஒரு தேனீ தலையை நீட்டி, வெளியே வந்து, என் சுண்டுவிரல்மேல் ஏறி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அப்போது புரிந்தது எனக்கு.

நல்ல வேளை, போதகர் ஆமென் சொன்னார். காணிக்கைப் பாட்டு. எங்கள் ஆர்கன் காற்றை வெளியே ஊதுகிற ஜாதி இல்லை, உள்ளே இழுக்கிற ஜாதி. காலால் மிதித்துக் கட்டையை அமுக்கியதும் எட்டிப் பார்த்த தேனீயெல்லாம் காற்றோடு உள்ளே போய்விட்டன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாசித்தேன். சபையார் வாழைக்குலையும் சேவலும் மரச்சீனிக் கிழங்கும் சுமந்துகொண்டு வரிசையாக வந்து பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். வரிசை முடிந்தது. பாட்டும் கடைசிச் சரணத்துக்கு வந்தது. அங்கேதான் எனக்கு அடுத்த காரியம் உறைத்தது. நிறுத்தினால் அத்தனையும் வெளியே வரும். நிறுத்தவே முடியாது!

முதல் சரணத்தைத் திரும்ப எடுத்தேன். சபையார் பண்டிகை உற்சாகம் என்று சேர்ந்து பாடினார்கள். மறுபடி முடிந்தது. மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை சில பேர் என்னைப் பார்த்தார்கள். ஆர்கனுக்குள் அதிர்ந்து சத்தம் தருகிற பித்தளை நாக்குகளின்மேல் தேனீ அடைந்து நடுவிலுள்ள சுரமெல்லாம் ஊமையாகத் தொடங்கியது. மேலே தள்ளி உச்சத்தில் வாசித்தேன். ஆண்கள் பக்கம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கீச்சென்று பாடினார்கள். சேவல்களும் சேர்ந்துகொண்டன. அசனத்துக்குச் சமைத்தவர்கள் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, சோறு ஆறுகிறது என்று சைகை காட்டினார்கள்.

போதகர் பக்கத்தில் வந்தார். "அம்மா, ஆவியானவருக்கு நன்றி. போதும்."

"ஐயா, ஆர்கனுக்குள்ள ஒரு கூட்டம் தேனீ. நிறுத்தினா வெளிய வந்துரும்."

அவர் ஆர்கனைப் பார்த்தார். சேவலைப் பார்த்தார். சபையைப் பார்த்துத் திரும்பி, "எல்லாரும் இன்னொரு தடவை பாடுவோம்," என்றார்.

வேறு யாராவது மிதித்தால்தான் நான் பின்பலகையைத் திறக்க முடியும். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு உயரமான ஆள் எழுந்து வந்தார். "நான் மிதிக்கவா?" என்று மட்டும் கேட்டார். யார், எவர் என்று பார்க்க எனக்கு நேரமில்லை. "இந்த ரெண்டு கட்டையை அமுக்கிப் பிடிங்க. என்ன நடந்தாலும் கால நிறுத்தப்படாது," என்று சொல்லிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். அவர் சைக்கிள் மிதிப்பதுபோல மிதித்தார். ஆர்கன் மாடு மாதிரிக் கத்தியது. புகை வேணும் என்றேன். சமையல்காரர் அடுப்பிலிருந்து நார் கனிந்து புகைகிற தேங்காய்த் தொண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் கோயிலில் பீடத்தருகே புகை என்றால், தூபம் போடுகிற வேறு சபைக்கு மாறினதுக்குச் சமம். பின்பெஞ்சில் ரெண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

பலகையைக் கழற்றி, புகை காட்டி, கையை உள்ளே விட்டேன். கொத்து கொத்தாக வழித்துப் பானையில் போட்டேன். ராணி அகப்படவில்லை. மறுபடி விட்டேன். கடைசியில் மூலையில், நீண்ட வயிற்றோடு மகாராணி நிற்கிறாள். விரலால் அணைத்துப் பானையில் விட்டதும் மிச்சமிருந்தவையும் அவள் பின்னாலே இறங்கிவிட்டன. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? பெண் பார்க்க வந்ததெல்லாம் மறந்துபோய், பானையைத் தூக்கிக்கொண்டு, "அகப்பட்டுச்சு!" என்று சபைக்கு நடுவில் சத்தம் போட்டுச் சிரித்தேன். அம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெஞ்சில் இருந்த ஆள் இன்னும் மிதித்துக்கொண்டேயிருந்தார். "போதும், எழும்புங்க," என்றேன். அவர் திரும்பினார். வலது காது பப்படம் மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது. கொட்டியிருக்கிறது, கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர்தான் பையன் என்று அசனப் பந்தியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பந்தியில் அவருடைய தாயார் என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "மக்களே, ஒனக்குக் கையில மூணு காரியம் இருக்கு. எனக்க வீட்டுக்கு வந்தா வீடு நாலாவதாப் போயிரும். ஒண்ண விடணும். எதை விடப்போற?"

பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. எந்தப் பொய்யைச் சொல்வது என்று தெரியவில்லை. வீங்கின காதோடு நின்றவர், "அம்மா, சோறு ஆறுது," என்றார். முதலில் கேட்ட ஒரு கேள்வியும் இதுவும்தான் அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது.

பிறகு எப்படிக் கல்யாணம் நடந்தது என்று கேட்பீர்கள். பையன் வேறு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து ஊர்தானே, கோயிலும் பள்ளிக்கூடமும் எனக்கு மாறவில்லை, மாமியும் மகனும் எங்கள் கோயிலுக்கே வரத் தொடங்கினார்கள். மாமி சம்மதித்தார், ஆனால் கேள்வியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் முடிந்து வந்து, கிழங்கும் மீன்கறியும் இலையில் விழுந்ததும், "எதை விடப்போற?" என்பார். பரிசுத்த வேதம் வாசிப்பதுபோல வாரம் தவறாது. நான் கறியை அவர் பக்கம் தள்ளுவேன். என் பெட்டித் தேனைக் கிழங்கில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டேதான் கேட்பார், அதைச் சொல்லிக்காட்டினால் கோபம் வரும்.

அவர் பிள்ளைக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. அவருக்குத் தெரிந்த ஒரே சங்கீதம் பஸ் மணிதான். ஒரு அடி அடித்தால் நிற்கணும், ரெண்டு அடித்தால் போகணும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லாவிட்டால் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில், எப்போதும் ஒரே இடத்தில் வந்து உட்காருவார். நன்றாக வாசித்தேனா என்று கேட்டால், "சத்தம் நல்லாக் கேட்டுச்சு," என்பார்.

அப்புறம் என் வயிற்றில் மூத்தவள் வந்தாள். மாதம் ஏற ஏற எல்லாம் ஒன்றாகக் கையை விட்டது. பள்ளிக்கூடத்தில் லீவு எடுக்கச் சொன்னார்கள். குனிந்து பெட்டியைத் தூக்க முடியவில்லை. கடைசியில் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, இந்த வயிற்றோடு ஆர்கன் மிதித்தாயானால் பிள்ளை அங்கேயே பிறந்துவிடும் என்று சொன்னாள். மாமிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "எதை விடணும்னு கர்த்தரே காட்டிட்டாரு பாத்தியா?" என்றார். அன்று ராத்திரி நான் அழுதேன். மூன்றில் ஒன்றைக் கேட்டார்கள், இப்போது மூன்றும் போகிறதே என்று சின்னப் பிள்ளைபோல அழுதேன். ஒருதடவை விட்டால் விட்டதுதான், ஒருத்தரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் படுத்திருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். போதகர் பாட்டின் பெயரைச் சொன்னார். ஆர்கன் சும்மா கிடந்தது. அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, சபையார் பார்க்கப் பார்க்க, ஆர்கன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரெண்டு மிதியிலும் ரெண்டு கையை வைத்தார். என்னைப் பார்த்து, "வா, ஆள் ஏறியாச்சு," என்றார்.

கோயில் முழுக்கச் சிரித்தது. போதகரே புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது, ஆனால் கால் தானாக நடந்துபோனது. வயிற்றை ஒருபுறம் தள்ளிவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். தாளமெல்லாம் சொன்னால் இந்த மனிதருக்குப் புரியாது. ஆர்கன் மரத்தில் விரலால் ரெண்டு தட்டு தட்டினேன். புறப்பட்டுவிட்டார். மேட்டில் ஏறுகிற பஸ் மாதிரி சத்தம் உறுமும், இறக்கத்தில் இறங்கும். ஆனால் நிற்கவில்லை. சரணம் முடிந்ததும் ஒரு தட்டு. நின்றுவிடுவார்.

அன்று மத்தியானம் மாமியிடமிருந்து அந்தக் கேள்வி வரவில்லை. கிழங்கு சாப்பிட்டார், கை கழுவினார், போய்விட்டார். பிள்ளையைச் சபைக்கு முன்னால் தரையில் உட்காரவைத்தேனே, மலைபோலக் கோபம் இருக்கும் என்று எனக்கு வாரம் பூராவும் பயம், வெப்ராளம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது மாமியின் கக்கத்தில் ஒரு தலையணை இருந்தது. கேட்க எனக்குத் தைரியமில்லை. பெண்கள் பக்கம் போய் உட்காராமல், கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க, நேரே ஆர்கனுக்கு வந்தார். தலையணையைத் தரையில் போட்டு, காலால் ஒதுக்கிச் சரிப்படுத்தினார்.

"தரை குளிருதுலே. இதுல இரு," என்றார் மகனிடம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கேள்வி வரப்போகிறது என்று கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தப் பாத்துட்டு இருக்க?" என்றார். "ரெண்டு தட்டு தட்டு."